சாட்சி முடியும்வரை

அந்தப் பெண்ணின் அம்மா இறந்துபோன செய்தி வந்தபோது ஏட்டம்மா அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். காப்பகத்து வராந்தாவில் வெயில் விழும் இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாயப்பட்டறையில் பூட்டிவைத்து வேலை வாங்கியதில் அந்தப் பெண்ணின் நகங்கள் நீலம் பாரித்து, ஓரமெல்லாம் புண்ணாகியிருந்தன. ஏட்டம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அவள் கையை நீட்டமாட்டாள்.

பட்டறைக் கதவை உடைத்து போலீஸ் மீட்டுவந்த புதிதில் அவள் வாயே திறக்கவில்லை. ஸ்டேஷனில் கேலியாக வாயாடி என்று பேர் வைத்தார்கள். போகப்போக அந்தப் பேர் பலித்துவிட்டது. பேச ஆரம்பித்தால் அம்மாதான். அம்மா தெருவில் நின்று போடும் சத்தம், அடித்துவிட்டு அடித்த இடத்தையே தடவிக்கொடுப்பது, குறட்டை விட்டுவிட்டுத் தூங்கவேயில்லை என்று சாதிப்பது. ஏட்டம்மா பார்த்தேயிராத அந்த அம்மாள் அவளுக்கும் ஒரு நாத்தனார் மாதிரி ஆகியிருந்தாள்.

போனில் இன்ஸ்பெக்டர். ஏட்டம்மா எழுந்து தள்ளிப்போய்ப் பேசினாள். காலையில் மாரடைப்பு என்றார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்களாம். ஆனால் வாயாடியிடம் மூச்சு விடக்கூடாது.

“அடுத்த வாரம் சாட்சி. இப்பச் சொன்னா படுத்துடுவா. பட்டறைக்குப் பிள்ளைங்களைப் பிடிச்சுக் கொடுத்த தரகன் முகத்தைப் பாத்தவ இவ ஒருத்திதான். அவன் வெளிய வந்தா இன்னும் எத்தனை பிள்ளைங்களைக் கொண்டுபோய் அடைப்பானோ.”

“கடைசியா ஒரு தடவை பாத்துக்கட்டும் சார். பெத்தவ.”

“நான் மட்டும் என்ன கல்லா? முடியட்டும். நானே சொல்றேன்.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் ஏட்டம்மாவை அறுத்தது. திரும்பி வந்து மிச்ச விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரு என்று கேட்டவளிடம், வீட்டிலிருந்து என்றாள்.

முதல் பொய்க்குத்தான் யோசிக்கவேண்டியிருந்தது. அப்புறம் சரளமாக வந்தது. அம்மாவிடம் பேசவேண்டும் என்று வாயாடி அடம்பிடித்தபோது, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சத்தமே வரவில்லை என்றாள். வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெரு நிம்மதியாக இருக்கும் என்றாள். சாட்சி நல்லபடியாகச் சொன்னால் அம்மாவிடம் நானே கூட்டிப்போகிறேன் என்று ஏட்டம்மா அவள் தலையில் கைவைத்துச் சொன்னாள். அப்படிச் சொல்லும்படி இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அது ஏட்டம்மாவின் சொந்தச் சரக்கு.

கோர்ட்டில் வாயாடி தடுமாறவே இல்லை. தையல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனது, ஜன்னலுக்கு ஆணி அடித்தது, ஓடப் பார்த்தவளின் காலை உடைத்தது என்று எல்லாவற்றையும் தரகனைப் பார்த்தே சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய வக்கீல் எழுந்தார். பெற்ற தாயே சம்மதித்து அனுப்பிவிட்டு இப்போது கதை கட்டுவதாகச் சொன்னார்.

“எங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுவே வந்து சொல்லும்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அவசரமே இல்லை.

“போன வாரம் செத்தவங்களை எப்படிம்மா கூப்பிடறது? போலீஸ் உனக்குச் சொல்லலையா?”

வாயாடி வக்கீலைப் பார்க்கவில்லை. கூண்டிலிருந்து நேராக ஏட்டம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினால் போதும். ஏட்டம்மா குனிந்துகொண்டாள்.

நீதிபதி விசாரணையைத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் வாயாடி. மிச்சக் கேள்விகளுக்கும் நின்றபடியே பதில் சொன்னாள். குரல் மட்டும் யாரோ வேறொருத்தியுடையது போல இருந்தது. அரசு வக்கீல் வெளியே வந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி அவன் தப்பவே முடியாது என்றார்.

வேனில் ஏட்டம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாயாடி எழுந்து எதிர் இருக்கைக்குப் போனாள்.

“எங்க புதைச்சாங்க?”

ஏட்டம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பிவலை வழியே தெரு துண்டுதுண்டாக ஓடிக்கொண்டிருந்தது. எப்படியும் அழுவாள் என்று ஏட்டம்மா கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அது நழுவி இருவருக்கும் நடுவில் விழுந்தது. இரண்டு பேரும் குனியவில்லை.