கொள்ளளவு நூறு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தப்பான இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன், கிடைத்தது. போன தை மாதம் பெரம்பலூரில் ஒரு சிறுகதைப் பட்டறை. அரியலூரில் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம், "பட்டறைக்குப் போகணும், எடம் வந்தா சொல்லுங்க" என்றேன். அவர் குன்னத்துக்கு முன்னாலேயே விசிலடித்து இறக்கிவிட்டார்.

"அதோ தெரியுது பாருங்க பட்டறை!"

தெரிந்தது. காட்டுக்கு நடுவே கற்களின் மேல் தூக்கி நிறுத்திய ஒரு நீளக் கொட்டகை. உள்ளே சின்ன வெங்காயம்.*

அதன் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. "எங்க பூவிழி இதையே தலைகீழா பண்ணுச்சு சாமி, ஒக்காரு சொல்றேன்" என்றார் பட்டறைக்குச் சொந்தக்காரரான பாப்பாத்தி. என் சிறுகதைப் பட்டறை அங்கேயே நடந்து முடிந்தது.

(* வெங்காயத்தைக் காற்றாட வைத்துக் காக்கிற கொட்டகைக்கு இந்தப் பக்கம் பட்டறை என்றுதான் பெயர். இதுகூடத் தெரியாமல் நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: "பூவிழி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். கட்டடம் என்பது கல்லில் எழுதிய—" (வேண்டாம். அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே இருப்பது டயர் கடை.)

தொடக்கம் இரண்டு: "சமூகத்தில் கட்டடக் கலைஞரின் பங்கு யாதெனில்—" (ஐயையோ.)

தொடக்கம் மூன்று: "பெரம்பலூரில் பூவிழியை எல்லாரும் இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்." இது நிற்கும். நான் இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று முதல் வருடம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்று ஊர் சொல்லிவிட்டது.

வீடு கட்டுகிற லெப்பைக்குடிகாட்டு அப்துல் சுக்கூர் போனில் ஒரு படத்தைக் காட்டுவார். "இதே எலிவேஷன் வேணும்மா. துபாய்ல எங்க முதலாளி வூடு." காற்று எந்தப் பக்கம் வரும் என்று அவள் கேட்டால், "காத்துக்கு என்னம்மா, ஏசி போட்டுக்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்பார். தங்கமான மனிதர்தான். ஆனாலும் ஐந்து வருடம் படித்ததை யாருமே கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அதனால்தான் வடிவமைப்புப் போட்டி எது வந்தாலும் கலந்துகொண்டாள். ஆறு போட்டி. ஆறிலும் தோல்வி.

அவள் புருஷன் ராஜராஜன் கணக்கு வாத்தியார். "ஆறுக்கு ஆறு, நூத்துக்கு நூறு தோல்வி. ஏழாவதோட விட்டுரு பூவிழி. ஒவ்வொரு தடவையும் நீ மொகம் தொங்கி ஒக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல."

"சரி, ஏழாவதோட போதும்" என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஏழாவது அவளுக்குக் கடைசி. கதை இதில்தான் தொங்குகிறது.

3

ஏழாவதின் அறிவிப்பு சென்னையில் ஓர் அறக்கட்டளையிடமிருந்து வந்தது. 'குன்னம் வட்டார விவசாயிகளுக்குப் பட்டறை. கொள்ளளவு: நூறு. நல்ல காற்றோட்டம் அவசியம்.'

பூவிழி வெங்காயம் போடுகிற வீட்டில் பிறந்தவள். படித்ததும் துள்ளிக் குதித்தாள். கடைசியில் நம் ஊருக்கு ஒரு போட்டி! நூறு மூட்டை! காற்றோட்டத்தைக்கூட மறக்காமல் போட்டிருக்கிறார்களே, விவரமானவர்கள்!

(நீங்கள் அதற்குள் சிரிக்கிறீர்கள். பொறுங்கள்.)

அளவு நாடாவோடு குன்னம் போய் பாப்பாத்தியின் பழைய பட்டறை முன் நின்றாள்.

"ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. போட்டிக்காக வந்தேன்."

"அப்ப எழுதிக்க. கீழருந்து காத்து ஏறணும். அகலம் கூடுனா நடுவுல அழுவிரும். அப்பறம் இன்னொண்ணு. வெங்காயத்துக்கு நெழல் இருக்கு, ஆயறவளுக்கு இருக்கா? மண்டை பொளக்குற வெயில்ல நாங்க ஒக்காந்திருக்கோம். அதயும் வரைவியா?"

(இங்கே கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பாப்பாத்தி வாழ்நாளில் ஒரு ஆர்க்கிடெக்ட்டைத் தேடிப் போகமாட்டார். பூவிழியும் வேலையில்லாமல் அந்தக் காட்டுக்குள் வரமாட்டாள். கூப்பிடாத வாசலுக்குப் போக ஒரு சாக்கு வேண்டும் இல்லையா? போட்டி என்பது அந்தச் சாக்கு. இரண்டாவது தொடக்கத்தில் எழுத வராத அந்தப் 'பங்கு' இப்போது வந்துவிட்டது.)

பூவிழி வரைந்தாள். ஒல்லியான பட்டறை, காய்ந்த பருத்திமாறுக் குச்சிகளால் சுவர். ஒரு பக்கத்துக் கூரையை மட்டும் எட்டடி நீட்டி இறக்கினாள், ஆய்கிறவர்களுக்காக.

4

வீடியோ காலில் மூன்று நடுவர்கள்.

"எல்லாம் சரிம்மா. நூறு பேரும் எங்க உட்காருவாங்க?"

"பேரா? நூறு மூட்டைங்க சார்."

"என்ன மூட்டை?"

"வெங்காய மூட்டை. உள்ள யாரும் ஒக்கார முடியாதுங்க, அழுவிரும்."

நடுவர்கள் அறிவிப்பை எடுத்துத் திரும்பப் படித்தார்கள். பிறகு ஒருவர், "அம்மா, இது பயிற்சிப் பட்டறை. புரொஜெக்டர், நாற்காலி..." என்றார். கதவுக்குப் பின்னால் ராஜராஜன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். பூவிழிக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. படம் அழகாக இருக்கிறது, ஆனால் கேட்டது இதுவல்ல என்று முடித்துவிட்டார்கள். ஏழுக்கு ஏழு.

முடிவை நேரில் வந்து சொல்கிறேன் என்று பாப்பாத்தியிடம் சொல்லியிருந்ததால் குன்னம் போனாள்.

"தோத்துட்டேன்க்கா."

"யாருகிட்ட?"

"சென்னைல, நடுவருங்ககிட்ட."

"அவங்க வெங்காயம் போடுறாங்களா?"

"இல்ல."

"அப்பறம் அவங்ககிட்ட நீ எதுக்குத் தோக்குற? படத்தக் குடு, கட்டுவோம்."

பழைய பட்டறையின் கல், அந்த வருடத்துப் பருத்திமாறு. கூரைக்கு அப்துல் சுக்கூர் தன் வீட்டு வேலையில் மிஞ்சிய தகரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டுத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றவர், "ஏம்மா, இந்தக் காத்து நம்ம வூட்டுக்கு வராதா?" என்றார். பூவிழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வருடம் படித்ததை முதன்முதலாக ஒருவர் கேட்டுவிட்டார்.

5

முடிவு அ: பூவிழி சத்தியத்தைக் காப்பாற்றினாள். (நம்புகிறீர்களா?)

முடிவு ஆ: எட்டாவது போட்டியில் முதல் பரிசு, மாலை, கைத்தட்டல்— (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் ராஜராஜனே ஒரு அறிவிப்பைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். 'கிராமப்புற இளைஞர்களுக்கான களம்.' களம் என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"நெல்லடிக்கிற களமா, வெளையாட்டுக் களமான்னு மொதல்ல போன் போட்டுக் கேளு. கேட்டுட்டு வரை."

"ஏழாவதோட போதும்னு சத்தியம் வாங்குனீங்களே?"

"அதத்தான் கட்டியாச்சே, தோத்ததாக் கணக்குல வராது. இது ஏழாவது."

பூவிழி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அளவு நாடா பைக்குள் போனது. இந்தக் கதையும் ஒரு போட்டிக்குத்தான் போகிறது. இந்த முறை அவள் ஜெயிப்பாளா, தோற்பாளா? முடிவை நான் எழுதப் போவதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தோற்றாள் என்று எழுதுவதானால் மட்டும், பாப்பாத்தி கேட்டதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

யாருகிட்ட?