உபதேசியார் மகள்

தங்கத்தாய் செத்துக் கிடந்த அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்து இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கித்தான் போட்டாள்.

"மெதுவா தாயி," என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கமயில் அத்தை. "எத்தன பேருக்கு எழுத்தறிவிச்ச வாயி."

விடிந்ததிலிருந்து இதே பாட்டு. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராவியில் தோல் பட்டறைக்காரன் பிள்ளை ஊருக்குக் கடுதாசி எழுதினால் அது உபதேசியார் செல்லத்துரை போட்ட பிச்சையாம். பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபம், பாதிரியார் வராத நாளில் அடக்க ஆராதனை, எல்லாம் அவர்தான். எல்லாம் இந்த ஒற்றை அறையில்தான். நடுவே சாக்குத் திரை. அந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் அட்சரம் சொல்ல, இந்தப் பக்கம் அவள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினாள். அடக்கத்துக்குப் போகுமுன் அவர் இரைந்து வாசித்துப் பார்ப்பதும் அடுப்படிக்குக் கேட்கும்.

அம்மா செத்த வருஷம் தங்கத்தாய், "நானும் அங்கன உக்காரட்டாப்பா?" என்று கேட்டாள்.

"சோறு யாரு பொங்குவா?" என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று எவனோ சொன்னது இந்த வீட்டைப் பார்த்துத்தான்.

அவரிடம் படித்த தங்கசாமி மழையில் நனைந்து வந்தான். "அக்கா, தண்டவாளமெல்லாம் தண்ணி. ரயில் இல்ல, பாதிரியார் வரமாட்டாவ. நீங்களே வாசிங்க. உபதேசியார் மகள்லா." ஜெபப் புஸ்தகத்தை அவள் கையில் வைத்தான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

"துக்கத்துல பேசுதா," என்றாள் அத்தை.

"துக்கமில்ல. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாவ. எனக்குச் சொல்லிக் குடுக்கல."

"செத்த மனுசன் முன்னால பேசுத பேச்சாட்டி இது?"

"உசுரோட இருக்கையில பேச விட்டாவளா?"

தகரத்தில் மழை அடித்தது. தங்கசாமி புஸ்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் திணறியது போலவே திணறினான். இரண்டாம் பக்கத்தில் அடியோடு நின்றுவிட்டான்.

அப்பாவின் கட்டிய தாடையைப் பார்த்தபடியே தங்கத்தாய் அடுத்த வரியைச் சொன்னாள். அவன் தேடிப் பிடித்து வாசித்தான். மறுபடி நின்றான். அவள் மறுபடி சொன்னாள். பிறகு நிறுத்தவில்லை. அவன் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சொல்லி வந்தான்.

பெட்டி வைக்க இடமில்லை என்று காலையில் சாக்குத் திரையைக் கழற்றியிருந்தார்கள். அந்தப் பக்கம் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.