ஏறாத வண்டி

மகிமா ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கி, துப்பட்டா நுனியால் துடைத்து, திரும்பவும் கேம் பெட்டியில் செருகினாள். டிவியில் ஒன்றும் வரவில்லை.

"வண்டி வந்துருச்சாத்தா?" கட்டிலிலிருந்து பொன்னுராஜ் கேட்டார்.

"வந்துக்கிட்டிருக்குப்பா."

"காலையில இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. பஞ்சரா?"

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாய் நழுவியது. அடுப்படியிலிருந்து அன்னத்தாய் ஓடிவந்து அதைச் சரியாக மாட்டிவிட்டு, மகளை முறைத்தாள்.

"அப்பாவுக்குப் பக்கத்துல செத்த உக்காருடி. அந்தப் பெட்டியப் போட்டு உருட்டிக்கிட்டு."

மகிமா உட்காரவில்லை. நேற்று தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. கேக்கறதக் குடுங்க" என்று சொன்னதிலிருந்தே அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டிய மனிதர் பொன்னுராஜ். நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு, மகன் ஜோஷ்வா காலேஜ் நாளில் வாங்கிப்போட்ட பழைய கேம் பெட்டிதான் அவருக்குத் துணை. கம்பெனி போட்ட பூட்டையெல்லாம் உடைத்து, வெளியிலிருந்து எந்த கேமையும் ஏற்றுகிற மாதிரி அவன் அதை மாற்றி வைத்திருந்தான். அதில் இருந்த கார் கேம்களை ஒன்று விடாமல் ஓட்டிப் பார்த்தவருக்கு அலுத்துவிட்டது. "வட்டத்துக்குள்ளயே சுத்துறதுக்குப் பேரு ஓட்டுறதா? மலை ரோடு இருக்கான்னு பாரு ஆத்தா" என்றார். மலையேறும் லாரி கேம் ஒன்றை மகிமா தேடிப் பிடித்தாள். லேப்டாப்பில் இறக்கியும் விட்டாள். பெட்டிக்குள் ஏற்றத்தான் முடியவில்லை.

கொல்லைப்பக்கம் போய் ஜோஷ்வாவுக்குப் போன் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

"டிஸ்க்க பழைய முறையில பார்மேட் பண்ணா பெட்டிக்குத் தெரியுது. ஆனா கேம் ஏற மாட்டேங்குது, பைல் பெருசுங்குது. பெரிய பைல் ஏறுற மாதிரி மாத்துனா பெட்டிக்கு டிஸ்க்கே தெரியலடா."

"ஆமாக்கா. நாலு ஜிபிக்கு மேல ஒரே பைலா அது வாங்காது. பழைய முறைக்கே மாத்திரு. லேப்டாப்புல வச்சு கேமத் துண்டு துண்டா வெட்டி அதுல போடு. பெட்டிக்கு உள்ள காப்பி பண்ணும்போது அதுவே ஒட்டிக்கும்."

"கேபிள் போட்டு நேரா அனுப்ப முடியாதா?"

"கேபிள் சொருகுற துளை இடி விழுந்தப்பவே போயிருச்சுல்ல." பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "அக்கா. அப்பா எப்படி இருக்காக?"

"நீ வா" என்று வைத்துவிட்டாள்.

அவன் சொன்ன மாதிரியே வெட்டினாள். துண்டுகளை டிஸ்க்கில் போட்டு பெட்டியில் செருகியதும், டிவியில் வரிசையாகப் பெயர்கள் வந்து நின்றன. மகிமா பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று இடப்பக்கத்திலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தது.

"அப்பா, ஏறுதுப்பா!"

"எங்கன வருது?"

"இப்பத்தான் கிளம்பியிருக்கு."

கட்டிலுக்குக் கீழே தரையில், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டிவியையே பார்த்தாள். ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பழைய பெட்டி, கோடு நகர்வதே தெரியவில்லை.

"கால்வாசிப்பா."

"ம்."

"பாதி வந்துருச்சுப்பா."

"மெதுவா வரட்டும். மலையில வெரட்டப்படாது." அவர் கை வந்து அவள் தலையில் பட்டது. உச்சியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தோளுக்கு இறங்கியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"பாதிக்கு மேல ஆச்சுப்பா."

அவர் தூங்குகிறார் என்று நினைத்தாள். அடுத்த முறை கோடு நகர்ந்ததும் திரும்பவும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அன்னத்தாய் வாசப்படியிலேயே நின்றுவிட்டாள். கிண்ணம் கீழே விழவில்லை. அதைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் அவள் கத்தினாள்.

பிறகு வீடு நிறைந்துவிட்டது. பொன்னுராஜின் தங்கை எப்சிபா பெரியகுளத்திலிருந்து வந்து சேர்ந்தாள். பிரீசர் பெட்டியை நாலு பேர் உள்ளே தூக்கி வந்தார்கள். கூட வந்த ஆள் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பெரிய பிளக்கு ரெண்டுதான் இருக்கு. எதப் பிடுங்க?"

ஒன்றில் டிவியும் கேம் பெட்டியும். இன்னொன்றில் ஆக்சிஜன் மெஷின். யாரும் அணைக்காததால் அது இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் தொங்கிய குழாய் நுனியிலிருந்து சும்மா காற்று வந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் டிவிப் பக்கம் கையை நீட்டினான்.

"அதத் தொடாதீக!" என்றாள் மகிமா.

அவளே எழுந்து போனாள். மெஷின் சுவிட்சில் விரலை வைத்தாள். அழுத்தினாள். வீட்டில் அத்தனை பேர் இருந்தும் சட்டென்று அமைதியானது.

"என்ன புள்ளையோ! பெத்த அப்பன் கெடக்குறப்ப டிவி கேக்குது" என்று எப்சிபா அத்தை முணுமுணுத்தபடி, ஒரு வெள்ளைத் துண்டை டிவி மேல் போட்டு மூடினாள். துண்டுக்குப் பின்னால் பச்சை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கிளம்பிப் போனார்கள். ஜோஷ்வா துண்டை எடுத்துவிட்டு டிவியைப் பார்த்தான்.

"எல்லாம் ஒட்டிருச்சுக்கா."

"அணைச்சிரு."

அவன் அணைக்கவில்லை. கேம் திறந்தது. மலை, மஞ்சுமூட்டம், ஒரு பக்கம் பள்ளம். ரோட்டோரத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. மகிமா எழுந்து அடுப்படிக்குப் போய், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தாள்.

அன்னத்தாய் வெறும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அதக் குடு."

ஜோஷ்வா கேம் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, விரல்களை எடுத்து வைத்துக் காட்டினான். "இது போறதுக்கும்மா. இது திருப்புறதுக்கு."

"பிரேக்கு எது?"

"இந்தா, இது."

லாரி குலுங்கி ரோட்டில் ஏறியது. நடுரோட்டில் ஊர்ந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒன்று மாற்றி ஒன்று ஹாரன் அடித்தன.

"வேகமாப் போம்மா" என்றான் ஜோஷ்வா.

அன்னத்தாய் லாரியை ஓரம் கட்டினாள். ஒரு சக்கரம் புல்லில் இறங்கி நின்றது. பிரேக்கிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை.

"அவசரமாப் போறவுக போகட்டும்."

மகிமா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கார்களும் பஸ்களும் ஒவ்வொன்றாகக் கடந்து வளைவில் திரும்பின. கடைசி வண்டியும் போன பிறகு, ரோட்டில் மஞ்சு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.