ராஜா வெளியே வர வேண்டும்

சதுரங்கப் பலகையில், அக்காவின் கணவரான மாமா குதிரையால் தன் சிப்பாயை வெட்டியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனிதர் வந்து மாட்டிக்கொண்டார். இந்த ஆட்டத்தை அவள் வாரக்கணக்காக மனதுக்குள் ஆடிப் பார்த்திருந்தாள்.

பின்னறையில் அக்கா ஒற்றைக் கையால் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். மறு கை மாவுக்கட்டில். அதை எக்ஸ்ரே எடுத்தவளே இந்தத் தங்கைதான். "படியில வழுக்கிட்டேன்" என்றாள் அக்கா. படத்தில் பழைய முறிவு ஒன்றும் ஆறிக் கிடந்தது.

அக்கா பின்வாசலைத் தாண்டும்வரை மாமாவை எழவிடக் கூடாது. சாதுவாக ஆடினால் பாதியில் எழுந்துவிடுவார். வெட்டுக்குத்து நடந்தால்தான் உட்காருவார்.

அவர் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை அவள் குதிரையால் வெட்டினாள். இப்போது ராணிக்கும் யானைக்கும் ஒரே குறி.

"என்ன மச்சினி, குதிரையைச் சும்மா குடுக்கறே? இருட்டு ரூம்லயே வேலை பாத்து கண்ணு அவிஞ்சிடுச்சா?"

"எடுத்துக்குங்க மாமா. உங்களுக்குன்னுதான் வச்சேன்."

ராஜாவாலேயே வெட்டினார். இனிக் கோட்டை கட்ட முடியாது. அவள் ராணி பாய்ந்து செக் வைத்தது. நடுவில் நின்ற தன் குதிரையைக் காப்பாற்ற ராஜா இன்னும் முன்னே வந்தார், வெட்டவெளிக்கு.

சுற்றிலும் காய்களைக் கொண்டுவந்து நெருக்கினாள். முடிவு கண்ணில் பட்டது. பின்கதவு இன்னும் திறக்கவில்லை.

இப்பவே முடி என்றது உடம்பு. அது அக்காவுக்காக அல்ல. அந்த முகம் நொறுங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கை ஓங்கும்போது இவருக்கும் இப்படித்தான் எச்சில் ஊறுமோ? அருவருத்து, மந்திரியை ஒரு கட்டம் ஒதுக்கினாள்.

"பயந்துட்டியா?" சிரித்தபடி ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. "யாரது?" பாதி எழுந்தார்.

"செக். பொம்பளைகிட்ட தோத்துடுவோம்னு ஓடறீங்களா மாமா?"

உட்கார்ந்தார். ராஜாவை மிச்சமிருந்த ஒரே கட்டத்தில் வைத்தார். சந்தில் அக்காவுக்காகக் காத்திருந்த வண்டி கிளம்பியது. ராணியை நகர்த்தினாள்.

"முடிஞ்சுது."

பலகையை வெறித்தவர், திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தார். "எங்கடி அவ?"

அவர் விட்ட முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது. முடியைப் பற்றிச் சுவரில் மோதினார். கீழே சரிந்தவளின் கைக்குப் பலகை அகப்பட்டது. முழு பலத்தோடு அதை அவர் முகத்தில் இறக்கினாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். மறுபடி ஓங்கினாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்துவிட்டிருந்தது. இனி எதற்கு அடி? ஆனாலும் ஓங்கிய கை தாழ மறுத்தது.

பலகையை ஓங்கியபடியே பின்னுக்கு நடந்து, தெருவில் இறங்கி ஓடினாள்.