துருத்திக்கு எதிரே உட்கார்ந்தவள்

1

இந்தக் கதை எனக்குத் தோள்வலியில் கிடைத்தது. கை தலைக்கு மேல் எழும்பாமல் போய், பிசியோதெரபி அறையில் சுவரைப் பார்த்து நின்று விரல்களை நண்டு மாதிரி மேலே நடத்திக்கொண்டிருந்தேன். (அது ஒரு பயிற்சி. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், செய்பவனுக்கு வராது.) அப்போது இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி இடது காலை இழுத்து நடந்தாள். மற்றவள் பஸ் டிரைவர் சீருடையில், இடுப்பில் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஓர் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கி வந்தாள்.

கைக்குப் பழகின பொருள் எதையாவது கொண்டு வாருங்கள் என்று பிசியோ சொல்லியிருந்தாராம். பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். கால் இழுத்தவளின் வலது கை கட்டைகள்மேல் போய் உட்கார்ந்தது. இடது கை துருத்தியைத் தொட்டதே தவிர, தள்ளவில்லை. கட்டைகள் அழுந்தின, டக் டக்கென்று மரச்சத்தம் மட்டும் வந்தது. சீருடைக்காரி சற்றுநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய், தானே துருத்தியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். பெட்டி அலறியது. கழுத்துப்பட்டை போட்டுக் கிடந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"மெல்ல. பஸ்ஸா ஓட்டுற?"

"பஸ்ஸு சொன்ன பேச்சு கேக்கும் அண்ணி."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அன்று வீட்டுக்குப் போய் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "துருத்தி என்பது தோலால் செய்த நுரையீரல்."

அடித்துவிட்டேன். துருத்தியைப் பற்றி எழுத உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தவிர, அது சரியுமில்லை. நமக்கு மூச்சு போகிற வழியும் வருகிற வழியும் ஒன்று. துருத்தி ஒரு வாசலில் காற்றை வாங்கி இன்னொரு வாசலில் அனுப்புகிறது.

இரண்டாம் தொடக்கம்: "அண்ணி கொடுமைக்காரி. நாத்தனாரை அவள்

இதையும் பாதியில் விட்டேன். அவள் கொடுமைக்காரி இல்லை.

மூன்றாவது, பாடப்புத்தகம் மாதிரி இருந்தாலும், தேவைப்படுகிறது. ஆர்மோனியத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு துருத்தி. பெட்டிக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. வெளித்துருத்தி காற்றை இழுத்து உள்ளே தள்ளும். உள்துருத்தி அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில், பித்தளை நாக்குகளுக்குச் சீராகக் கொடுக்கும். கை ஓய்ந்த பிறகும் சுரம் கொஞ்ச நேரம் நிற்பது இதனால்தான். அக்கார்டியனுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. கை நின்றால் பாட்டும் நின்றது. பெரிய குழாய் ஆர்கனுக்கு ஒரு காலத்தில் பின்னால் ஆள் நின்று காற்று மிதிக்க வேண்டியிருந்தது. பிறகு மோட்டார் வந்தது. (மோட்டார் இந்தக் கதையிலும் வரும். அவசரமில்லை.)

3

பிறகு பிசியோ அறையில் காத்திருந்த நாட்களில் சீருடைக்காரி எனக்குச் சொன்னது இது. நாத்தனாரான அவள் கல்யாணம் நிலைக்காமல் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் கப்பலில் எஞ்சினியர். வருடத்தில் பாதி கடலில் இருப்பார். ஆக, வீட்டில் இந்த இரண்டு பேர்தான். அண்ணி பாட்டு டீச்சர். குழந்தைகள் வீட்டுக்கே வந்து படிப்பார்கள். நாத்தனார் விடியற்காலை டூட்டி முடித்து, மத்தியானம் வந்து படுக்கிற நேரம் பார்த்து முன்னறையில் ஸ, ப, ஸ தொடங்கும். யாரும் யாரிடமும் கத்தவில்லை. கதவு மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தப்பட்டது. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகே மற்றவர் சாப்பிட வந்தார். ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வாழ்வது முதலில்தான் கஷ்டம்; பழகிவிட்டால் அதற்கென்று ஒரு நேரக்கணக்கு அமைந்துவிடுகிறது.

ஒருநாள் அண்ணி சொன்னாள்: "நீ உனக்குன்னு ஒரு இடம் பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது." அதைத் தன்மையாகத்தான் சொன்னாள். தன்மையாகச் சொன்னதுதான் சுட்டது என்றாள் நாத்தனார்.

டிப்போ பக்கத்தில் ஒரு ரூம் அமைந்தது. துணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். கிளம்ப வேண்டிய காலையில் அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் அண்ணி அடுப்பு மேடையைப் பிடித்து நிற்கிறாள். வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் காரை வாங்கி நாத்தனார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே ரூம்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னாள். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

(இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம். ஏன் தங்கினாள்? பாசமா, ஊர் வாய்க்குப் பயமா? இரண்டையும் ஒவ்வொரு பத்தி எழுதி, இரண்டையும் கிழித்தேன். கடைசியில் அவளிடமே கேட்டேன். "அந்த நேரத்துல யாரு சார் யோசிக்கிறா? துணியை எடுத்து மறுபடி பீரோல வெச்சேன்." என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.)

4

அண்ணிக்குப் பேச்சு ஏறக்குறையத் திரும்பியது, நடையும் வந்தது. இடது கை வரவில்லை. பாட்டுக்கு வந்த குழந்தைகள் ஒவ்வொருவராக வேறு டீச்சரிடம் போகத் தொடங்கினார்கள். ஒரு மத்தியானம், டூட்டி முடித்து வந்த நாத்தனார் படுக்கப் போகாமல், பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து துருத்தியின் கொக்கியை விடுவித்தாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

முதல் நாட்கள் போர்க்களம். நாத்தனாரின் கை இயந்திரம்போல் ஒரே சீராகத் தள்ளியது. அண்ணிக்கு வேண்டியது அதுவல்ல: வரி ஏறும்போது காற்று ஏற வேண்டும், முடிவில் இறங்க வேண்டும். தாடையால் சைகை காட்டுவாள். இவள் கவனிப்பதற்குள் வரி தாண்டிப் போயிருக்கும். உனக்குச் செவியா, மண்ணாங்கட்டியா என்று அண்ணி கேட்க, கை என்னுடையது, ஞாபகம் இருக்கட்டும் என்று இவள் திருப்பிக் கொடுக்க, நடுவில் குழந்தைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு சரியாயிற்று. எப்படி என்று நான் இப்படி எழுதியிருந்தேன்: "அவள் அண்ணியின் மூச்சைக் கேட்கத் தொடங்கினாள். அங்கே நெஞ்சு விரியும்போது இங்கே துருத்தி விரிந்தது." எழுதிய பெருமையில் நாத்தனாரிடம் படித்தும் காட்டினேன்.

"மூச்செல்லாம் நான் பாக்கல சார். பெரிய வரி வரப்போகுதுன்னா அண்ணி முகம் வயித்துவலி வந்த மாதிரி போகும். அப்ப அழுத்துவேன்."

என் வரியை அடிக்க மனம் வரவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதி. எதிரே உட்கார்ந்து துருத்தி போடுகிறவள் வாசிப்பவளின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வருடக்கணக்காக அந்த வீட்டில் நடக்காத காரியம் அது.

5

மாணவர்களின் பாட்டு விழா வந்தது. மேடையில் துருத்தி சபையைப் பார்த்து இருக்கும். ஆகவே துருத்தி போடுகிறவளின் முதுகைத்தான் சபை பார்க்கும். அண்ணி பெட்டியைத் திருப்பி, சாய்த்து, என்னென்னவோ செய்து பார்த்தாள். அப்படித் துருத்தி போட நாத்தனாரின் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. நாத்தனார் தையற்காரரிடம் போய், ரவிக்கைக்கு முன்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முதுகில் நல்ல வேலைப்பாடு வேண்டும் என்று சொல்லித் தைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அண்ணிக்கு ஒரு சொல் வரவில்லை. மறதி இல்லை, நாக்கு மடங்கிக்கொண்டது. விரல் ஒரே கட்டையில் நின்றது. பின்னால் நின்ற குழந்தைகள் பாட்டை விட்டு டீச்சரையே பார்த்தார்கள்.

(இங்கே கதாசிரியனுக்கு ஆசைகள் வருகின்றன. நாத்தனார் காற்றை நிறுத்தி, வீட்டை விட்டுப் போகச் சொன்னதற்குப் பழி தீர்க்கலாம். அல்லது அவளே அந்தச் சொல்லை எடுத்துப் பாடலாம். முதலாவதற்கு அவள் ஆள் இல்லை. இரண்டாவதற்கு அவள் குரல் இடம் கொடுக்காது.)

அவள் துருத்தியைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஒற்றைச் சுரம் அரங்கில் நின்றது. அண்ணியின் உதடு அசைந்தது: "போதும், நிறுத்து." அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நாத்தனார். அவள் நிறுத்தவில்லை. அண்ணி முறைத்தாள். இவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சபை அதைச் சங்கீதம் என்றே நினைத்தது. பிறகு அந்தச் சொல் வந்தது, கொஞ்சம் குழறி, ஆனால் முழுதாக. கோபத்தில்தான் வந்தது என்பது நாத்தனாரின் கட்சி.

வீட்டில் அண்ணி கேட்டாள். "நிறுத்துன்னு சொன்னேன்ல?"

"கேக்கல அண்ணி."

"என் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருந்த?"

நாத்தனார் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அன்று இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பேன்.

6

ஆனால் அண்ணன் விடுமுறையில் வந்தார். மனைவியைப் பார்த்து அழுதார். அழுது முடித்ததும் கருவிப்பெட்டியை எடுத்தார். சின்ன மோட்டார், ரப்பர் குழாய், ஒரு ஸ்விட்ச். பெட்டியின் பக்கத்தில் துளையிட்டு இணைத்தார். ஸ்விட்சைத் தட்டினால் உள்துருத்தி தானே நிறைந்தது. அண்ணி ஒற்றைக் கையால், தனியாக, ஒரு முழுப்பாட்டு வாசித்தாள்.

டூட்டி முடிந்து வந்த நாத்தனார் அதைப் படிக்கட்டிலேயே கேட்டாள். (அந்த ஒலியில் உயிர் இல்லை என்று எழுதக் கை பரபரக்கிறது. அது பொய். ஏற்ற இறக்கம் இல்லையே தவிர, சுருதி பிசகாமல் நின்றது. குழந்தைகளுக்கு இதுதான் வசதி என்று பெற்றோர் சொன்னார்கள்.) தான் அந்த நிமிடத்திலிருந்து தேவையில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய்ப் படுத்து நன்றாகத் தூங்கியதாக என்னிடம் சொன்னாள். நான் நம்பவில்லை. அது என் பிரச்சினை.

7

கடைசியாக அவளைப் பார்த்தது இன்று, பஸ் நிலையத்தில். கிளம்ப இன்னும் நேரமிருந்தது. அவள் ஓட்டும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், வேறு யாரும் ஏறவில்லை. அண்ணன் கப்பலுக்குத் திரும்பிவிட்டாராம். முந்தின நாள் அண்ணி தானாகவே பேச்சை எடுத்தாளாம்.

"டிப்போகிட்ட ரூம் பாத்தியே, அது இன்னும் இருக்கான்னாங்க. காலியாத்தான் இருக்குன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம், அங்க இந்தப் பெட்டி வைக்க இடம் இருக்குமான்னு கேட்டாங்க."

அண்ணி பெட்டியை இவளுக்கே கொடுத்துவிடுகிறாளா? பெட்டியோடு தானும் அவ்வப்போது வருகிறேன் என்கிறாளா? போகாதே என்பதை நேரே சொல்லத் தெரியாமல் சுற்றி வருகிறாளா? இந்த மூன்றுக்கும் மூன்று முடிவுகள் அங்கேயே என் மனதில் ஓடின. மூன்றும் நன்றாக இருந்தன. அதனால் மூன்றின்மேலும் சந்தேகம் வந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் போய்ச் சொல்லணும்." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதுறவர்தானே சார். நான் என்ன சொல்லட்டும்?"

பக்கத்துக் கடையில் ஒரு வேலை இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்ததாகச் சொல்லி இறங்கிவிட்டேன். கடையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் கிளம்பிப் போயிற்று.

இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. அந்தப் பஸ் ஒரு சுற்றுப் போய் மறுபடி இங்கேதான் வரும். முன்பக்கம் இடம் இருக்கும். ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் கேட்டால் நீங்கள் சொல்லுங்கள்.