சங்கிலிக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் காகித ஆலை விற்றுவிட்டுப் போன காட்டை ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியது. வேட்டைக்குத் தடையில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லி வழியில் சங்கிலி கட்டினார்கள். முப்பது வருடமாக அங்கே சேர்ந்து வேட்டையாடிய நால்வரில் ஆர்மண்ட் மட்டும் சீட்டுக்கு எழுதிப் போட்டார். அன்றோடு மற்ற மூவரும் அவரிடம் பேசுவதை விட்டார்கள். அவர்களில் ஒருவர் டெல்பர்ட், ஆர்மண்டின் இறந்துபோன மனைவிக்கு அண்ணன்.

“எங்கப்பா நடந்த காட்டுக்குள்ள போக நான் எவன்கிட்டயும் கையெழுத்துப் போட மாட்டேன். நீ போடு மாப்ளே, உனக்குத்தான் முதுகு நல்லா வளையுமே.” பேச்சை விடுமுன் டெல்பர்ட் உணவகத்தில் எல்லார் காதுபடச் சொன்னது இது.

நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஆர்மண்ட் தனியாகப் போனார். முன்பெல்லாம் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் யாருடைய துப்பாக்கி என்று சொல்லிவிடுவார். இப்போது ஒரு சத்தமும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஓடைக்கரையில் ஒரு பெரிய ஆண் மான் வந்து நின்றது. ஒரே குண்டில் விழுந்தது.

“பாத்தியா” என்று திரும்பினார். பின்னால் மரங்கள்தான் இருந்தன.

குடலை எடுத்துப்போட்டு, ஈரலை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, கொம்பில் கயிறு கட்டி இழுத்தார். அறுபத்தெட்டு வயது உடம்பு. அரை மைல் தாண்டுவதற்குள் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி டெல்பர்ட்டைக் கைபேசியில் கூப்பிட்டார்.

“மச்சான், பெரிய மான். ஒத்தையா இழுக்க முடியல.”



“சீட்டுக் குடுத்தவங்களைக் கூப்பிடு. தோளும் குடுக்கட்டும்.” இணைப்பு அறுந்தது.

நூறடி இழுப்பதும் உட்காருவதுமாக ஒன்றரை மைல். பனி விழ ஆரம்பித்தது. வெளிச்சம் மங்கும்போது சங்கிலி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் டெல்பர்ட் நின்றிருந்தார். அவர் தொப்பியிலும் தோளிலும் ஓர் அங்குலப் பனி.

“எவ்வளவு நேரமா நிக்கிற?”

“இப்பத்தான் வந்தேன்.”

“உள்ள வந்திருக்கலாம்ல, மச்சான்.”

“எங்கிட்டதான் சீட்டு இல்லையே.”

மான் சங்கிலியைத் தாண்டியதும் டெல்பர்ட் குனிந்து பின்னங்கால்களைப் பிடித்தார். இருவருமாக அதை ஆர்மண்டின் வண்டியில் ஏற்றினார்கள்.

“பாதி எடுத்துக்கோ.”

“அந்த மான் எனக்கு வேண்டாம். மூஞ்சி வெளுத்துக் கெடக்கு உனக்கு. மெதுவா ஓட்டு.”

வீட்டுக்குத் திரும்பும் வளைவு வரை டெல்பர்ட்டின் வண்டி விளக்கு பின்னாலேயே வந்தது. ஆர்மண்ட் இறங்கி, உள்ளே வரச்சொல்லிக் கையைத் தூக்குவதற்குள் அது திரும்பிவிட்டது.

ஈரலை வெங்காயத்தோடு வதக்கினார். இரண்டு பேருக்கு ஆகும் அளவு. சட்டியிலிருந்தே கொஞ்சம் தின்றுவிட்டு மூடி வைத்தார்.

திங்கட்கிழமை உணவகத்துக்குப் போனார். மூவரும் வழக்கமான மேசையில் இருந்தார்கள். டெல்பர்ட் காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆர்மண்ட் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து முட்டை சொன்னார்.