கதவுத் தட்டில் இருந்த ஊசிமருந்து

நகத்துக்கடியில் ஒட்டியிருந்த வெல்லப்பாகைத் தீக்குச்சியால் நோண்டிக்கொண்டே, "மோர்ல உப்பு பத்தலையேட்டி" என்றார் என் கணவர். உப்பை எடுத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியை மூடி வைக்கச் சொல்லிக் கிளம்பினார். மத்தியானம் அவருடைய கடலைமிட்டாய்க் கம்பெனியில், அடுப்புக்கு முன்னால் சாய்ந்துவிட்டார். கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போதே உயிர் இல்லை. ஜெயபாண்டிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

துட்டி விசாரிக்க வந்தவர்கள் ஒரே வார்த்தையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். "நேத்துகூட முகம் செவசெவன்னு ராசா மாதிரி இருந்தாவளே." அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்கோ தீராத அசதி. பொழுது சாய்ந்தால் சுருண்டு படுத்துவிடுவார். மதுரையில் ஹார்மோன் டாக்டரிடம் போனோம். ஆண் ஹார்மோன் குறைவு என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதினார். கூடவே இன்னொரு ஊசியும் எழுதினார்.

"வெளியிலேருந்து குடுத்தா, உடம்பு தானாச் சுரக்கிறதை நிறுத்திரும். விந்தும் வத்திப்போகும். ரெண்டாவது ஊசி அந்தச் சுரப்பைத் தூங்கவிடாது. பிள்ளை வேணும்னா இதை மட்டும் விட்டுராதீங்க. முதல் ஊசியால ரத்தம் கெட்டியாகலாம். சொல்ற தேதியில வந்து ரத்தம் சோதிக்கணும்."

ரெண்டாவது மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டில் வைத்தேன். சில மாதத்தில் அவருடைய அசதி போனது. விந்துச் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. டாக்டர் சிரித்தார். வரும் வழியில் சாத்தூரில் பஸ் நின்றபோது, நான் கேட்காமலே இவர் எனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு காளியம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. காப்புக் கட்டி விரதம் இருந்த வீடு, தீட்டு ஆகாது. சாமிக்குப் படைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவருடைய அண்ணன் சோலைராஜ் விளாத்திகுளத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏலே பாண்டி, நீ போடுத ரெண்டாவது ஊசி எதுல செய்யுதாவன்னு தெரியுமா?"

"எதுல?"

"முழுகாம இருக்க பொம்பளையோட மூத்திரத்துலலே! அதைக் காய்ச்சி வடிச்சுதான் எடுக்காவ. மாமியா வீட்டுச் சாப்பாடு மாதிரி சுகமா ஏத்திக்கிட்டிருக்க!"

பந்தியே சிரித்தது. என் மாமியார் சீனித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வாயில் இருந்த சோற்றை இலையில் துப்பினார்.

"சாமிக்கு வச்ச பாலும் அந்த ஐஸ் பொட்டிக்குள்ளதானட்டி இருந்துது!"

"அத்தை, அது சுத்தம் பண்ணின மருந்து. அதுல ஒண்ணும் கிடையாது."

"எவ மூத்திரமோ! என் மவன் உடம்புல!"

நான் எழுவதற்குள் ஃபிரிட்ஜில் இருந்த மருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக் கொல்லைக்குப் பின்னால் வீசிவிட்டார். தேடி எடுத்தபோது கரிசல் வெயிலில் மருந்துக் குப்பி கைசுடக் காய்ந்து கிடந்தது. உள்ளே வந்தால், மாமியார் ஒரு பாட்டிலில் இருந்து மாட்டுக் கோமியத்தை மாவிலையால் தொட்டு, ஃபிரிட்ஜுக்குள் தெளித்துக்கொண்டிருந்தார். தட்டில், கதவில், பால் பாத்திரத்தின் மூடியில். அந்த வாடையோடுதான் அன்றைக்குப் பாயசம் இரண்டாம் தடவை பரிமாறினார்கள். யாருக்கும் குமட்டவில்லை.

ராத்திரி அவரிடம், வெயிலில் கெட்டுப்போன மருந்துக்குப் பதில் புதிதாக வாங்கலாம் என்றேன்.

"வேண்டாம் இசக்கி. நினைச்சாலே ஓங்கரிக்குது."

"அப்ப பிள்ளை?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வழியைச் சோலைராஜ் அத்தான் சொன்னார். "அது கிடக்கட்டும். ஆம்பளை ஊசி ஒண்ணு போதும். அதையே கூட்டிப் போடுவோம். பிள்ளை தானா வந்து நிக்கும்."

"மதுரை டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யலாமே அத்தான்."

"நான் எத்தனை வருசமா மருந்து விக்கேன்! ஏட்டி, புருசன் ஆம்பளையா இருக்கது உனக்குப் பிடிக்கலையா?"

அதற்கும் சிரித்தார்கள். பாண்டியும் சிரித்தார். அன்று முதல் கடையின் பின்னறையில் தம்பிக்கு அண்ணனே ஊசி போட்டார். ரத்தம் சோதிக்க மதுரைக்குப் போகும் தேதி வந்தது. "ரெண்டாவது ஊசி எங்கன்னு டாக்டர் கேப்பாரு. மூத்திரம்னு தூக்கி எறிஞ்சோம்னா சொல்ல முடியும்?" என்று பாண்டி போகவே இல்லை. அடுத்த தேதிக்கும் போகவில்லை. தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன். உடனே ஊசியை நிறுத்திவிட்டுக் கூட்டி வாருங்கள் என்றார். வந்து சொன்னேன்.

"மதுரைக்குப் போயி என் மவனுக்கு நோய் வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் மாமியார்.

ஊசி நிற்கவில்லை. பாண்டியின் முகமும் கழுத்தும் செங்கல் நிறமாயின. தலைவலி என்பார், கண் எரிகிறது என்பார். மாமியார் அந்தக் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறிப்பார். "இப்பதான் என் புள்ளைக்கு ரத்தம் ஊறியிருக்கு." வீட்டுக்கு வருகிறவர்களிடம் பொருட்காட்சிபோலக் காட்டினார். தலைவலிக்கு அண்ணன் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ரத்தம் கூழாகக் கெட்டிப்பட்டு, இதயத்தில் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று என் காதில் விழும்படியே, "பிள்ளையும் இல்ல, இவளுக்கு இனி இங்கன என்ன" என்று பேசினார்கள். அதே பந்தி, அதே சோலைராஜ், அதே பாயசம். நான் இலையை மூடிவிட்டு எழுந்து, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

கதவில், மருந்து இருந்த அந்தத் தட்டில், கோமியப் பாட்டில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. குறையக் குறைய நிரப்பி வைக்கிறார்கள்.